பதினாறு நிறத்தில் ஒரு முந்தானை

செவ்வாய்க்கிழமை காலையில் காவேரி கணினியைப் போட்டபோது திரையில் எல்லாமே ஊதிப்போய்க் கிடந்தன. எழுத்துகள் கட்டைவிரல் பருமன். நான்கைந்து படங்கள் சேர்ந்து திரையையே அடைத்துக்கொண்டிருந்தன. மவுஸை நகர்த்தினால் அம்பு யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. ஒரு பக்கத்தை மேலே தள்ளினால் ஈரச் சுவரில் சுண்ணாம்பு வழிகிற மாதிரி கோடு கோடாக இறங்கிற்று.

அணைத்தாள். போட்டாள். மறுபடி அணைத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னொரு தடவை போட்டாள். அதே பூதங்கள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் பாச்சா வந்து பெட்டியைத் திறந்து, புது மெமரி சொருகி, பழைய விண்டோஸை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டிருந்தான். சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டுப் பையன். காந்தி ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். காவேரியின் கணவன் முத்துக்குமாரின் சிநேகிதன். தொண்ணூற்றொன்பதில் இந்தக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கி இருவரும் சேர்ந்து கூட்டியிருந்தார்கள்.

"எல்லாம் ஆயிடுத்து மன்னி. டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் பாக்கி" என்று சொல்லிவிட்டுப் போனான். "புது விண்டோஸுக்கு இந்தப் பழைய கார்டோட பாஷை தெரியாது. நடுவுல ஒரு துபாஷி வேணும். கார்டு வாங்கச்சே ஒரு சிடி வந்திருக்கும், தேடி வையுங்கோ. நாளைக்கு வந்து போட்டுடறேன்."

மறுநாள் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம் தொடங்குகிறது என்பது அவனுக்கும் நினைவில்லை, அவளுக்கும் நினைவில்லை.

முத்துக்குமார் இருந்தவரை இந்தக் கணினி அவனுடையது. பிள்ளையார்பாளையத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பட்டுப் புடவைகளுக்குக் கரையும் முந்தானையும் வரைவான். திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தறியில் எந்த இழை தூக்க வேண்டும் என்கிற உத்தரவு. அவன் வரைவான், அவள் எண்ணுவாள். அவள் தாமல் கிராமத்தில் பம்ப் ஆபரேட்டர் மகளாகப் பிறந்து, கணிதத்தில் பட்டம் வாங்கி, டீச்சர் வேலைக்கு மனுப்போட்டுக் காத்திருந்த சமயத்தில் கல்யாணம் ஆனது. வந்த மூன்றாம் மாதமே அவன் கரையில் ஒரு கட்டம் தவறியிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் எண்ணாமல் எதுவும் வெளியே போனதில்லை.

மார்கழியில் மஞ்சள்காமாலை. பதினோரு நாள். அவ்வளவுதான்.

அவன் விட்டுப்போனது ஒரு முந்தானையில் பாதி. இருதலைப்பட்சி வரிசை வரிசையாக ஏறும் கல்யாணப் புடவை. மீதிப் பாதியை அவள் ஆறு மாதமாகக் கற்றுக்கொண்டு, அழித்து, திரும்ப வரைந்து, முக்கால்வாசிக்குக் கொண்டுவந்திருந்தாள். இதற்கிடையில், வரைந்ததைப் பார்த்துத் தறியில் மாட்டும் அட்டைகளில் ஓட்டை குத்தித் தருகிற இடத்தில் மென்பொருளை மாற்றிவிட்டார்கள். இனி புது வகைக் கோப்புதான் எடுப்பார்களாம். புது மென்பொருள் பழைய விண்டோஸில் ஓடவில்லை. அதனால்தான் இத்தனையும்.

பத்து மணிக்குப் பூவராகவன் வந்தார். டிசைன் கொடுத்து, பட்டும் சரிகையும் கொடுத்து, இருபது தறிக்கு வேலை கொடுக்கிற முதலாளி. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னாம்மா காவேரி, ஆச்சா?"

"முக்கால்வாசி ஆயிடுச்சு முதலாளி."

"பாவு ஏத்தி ஒரு வாரமாச்சு. தறி சும்மா உக்காந்துக்கினு இருக்குது. நெய்யறவன் தெனம் காலைல வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போறான், கடன்காரனைப் பாக்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பொறக்குது. அதுக்குள்ள அட்டை குத்தக் குடுத்தாகணும்."

"குடுத்துடறேன்."

"குடுத்துடறேன்னு போன மாசமும் சொன்னே." அவர் குரலை இறக்கினார். "பெங்களூர்ல ஒருத்தன் மூணு நாள்ல போட்டுத் தர்றேன்றான்மா. முத்து மூஞ்சிக்காகத்தான் உன்கிட்ட வுட்டு வெச்சிருக்கேன். இது தவறிச்சின்னா அப்புறம் எதுவும் இந்த வூட்டுக்கு வராது. இப்பவே சொல்லிட்டேன். பின்னாடி மனசு கஷ்டப்படக் கூடாது."

அவர் போனதும் அவள் முன்னறைக்கும் சமையலறைக்கும் ஏழெட்டுத் தடவை நடந்தாள். எதற்குப் போகிறோம் என்று போய்ச் சேர்ந்த பிறகும் தெரியவில்லை. பாச்சாவின் செல்போன் அணைந்திருந்தது. நேரில் பார்த்துவிடலாம் என்று காந்தி ரோட்டுக்குப் போனாள். கடை ஷட்டர் மூடியிருந்தது. ஒட்டியிருந்த காகிதத்தில் எழுதியிருந்தது: "உற்சவம் முடியும்வரை கடை கிடையாது. அவசரம் என்றால் கோஷ்டியில் பார்க்கவும்."

திரும்பி வந்து, இருக்கிறதை வைத்து வரையலாம் என்று முந்தானைக் கோப்பைத் திறந்தாள். பட்சிகள் தெரிந்தன. கழுத்துகளில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. திரை பதினாறு நிறம்தான் காட்டும் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது. பதினாறு போதாதா என்று நினைத்தாள். முந்தானையில் இருப்பதே ஆறு நிறம்தானே. சிவப்பைத் தொட்டு எடுத்து, சாயங்காலம்வரை நாற்பது வரிசை நிரப்பினாள்.

மறுநாள் காலையில் சிடியைத் தேடத் தொடங்கினாள். மேசை இழுப்பறை, பீரோவின் மேல்தட்டு, கல்யாண ஆல்பத்தின் அடி. கடைசியில் பழைய ஃபிளாப்பிகள் இருந்த டப்பாவில் அகப்பட்டது. உறையைப் பிரித்தவள் அப்படியே நின்றாள். பளபளப்பான பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி ஐந்து சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். எட்டு மாதத்தில் காய்ந்து பாறையாக இறுகியிருந்தது.

மாமியார் தில்லையம்மாள் பின்கட்டில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

"நான்தான். ஆயுத பூசைக்கு எல்லாத்துக்கும் வெச்சேன். ராட்டைக்கு வெச்சேன், கத்திரிக்கோலுக்கு வெச்சேன், தராசுக்கு வெச்சேன். இத மட்டும் வுட்டா அது ஏங்கிப் போவாதா?"

"வெச்சதுதான் வெச்சீங்க, எழுத்து இருக்கிற பக்கம் வெக்கக் கூடாதா?"

"எழுத்து போட்டிருக்கிறது முதுகு. பளபளன்னு இருக்கிறதுதானே மூஞ்சி? பொட்டு மூஞ்சிக்கு வெப்பாங்களா, முதுகுக்கு வெப்பாங்களா? படிச்சவதானே நீ, சொல்லு."

காவேரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுபோனது. இதை முத்துக்குமாரிடம் சொல்லியிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான்.

"அதுமேல பொட்டு இருந்தா மெஷினு படிக்காது அத்தை."

"படிக்காட்டி போவுது. அந்தப் பொட்டியை அந்த ஐயங்காரு பையன்கிட்டயே குடுத்துட்டு நீ பாட்டுக்கு டீச்சர் வேலைக்கு எழுதிப் போடு. ரெண்டு நாளா சோறு துன்ன மாதிரியே தெரியலை. எலியக் கையில புடிச்சிக்கினு இருக்கிறே."

காவேரி சிடியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தாள். குங்குமம் போனது. சந்தனம் லேசில் விடவில்லை. விட்டபோதும் அரைத்த கட்டையின் சின்னஞ்சிறு துணுக்குகள் நான்கைந்து கீறலைப் போட்டுவிட்டுப் போயின. டிரைவில் வைத்தாள். உள்ளே கிர்ரென்று சுற்றி, நின்று, மறுபடி சுற்றி, தோற்றுப்போய்ச் சிடியை வெளியே தள்ளியது. வேட்டித் துணியால் துடைத்தாள். வாயால் ஊதினாள். ஆறாவது தடவை திறந்தது.

உள்ளே மூன்று ஃபோல்டர்கள். பெயர்களுக்குப் பதில் வருஷங்களைப் போல எண்கள். தொண்ணூற்றெட்டு என்று ஒன்று இருந்தது. ஐந்து வருஷமாக இந்த வீட்டில் விண்டோஸ் தொண்ணூற்றெட்டுதான் ஓடியது. அவள் கை தானாக அதில் போய் அழுத்தியது. பாதியில் மஞ்சள் முக்கோணம் போட்ட ஒரு பெட்டி வந்தது. இந்தச் சாதனம் சோதனையில் தேறவில்லை, தொடர்ந்தால் உங்கள் கணினி நிலைகுலையலாம் என்கிற மாதிரி நீளமான எச்சரிக்கை. 'நிறுத்து' என்கிற பொத்தானைக் கணினியே கோடு போட்டுக் காட்டியது. எச்சரிக்கையை மதிக்கிற வீட்டில் வளர்ந்தவள் அவள். நிறுத்தினாள். மறுபடி முயன்றாள், மறுபடி நிறுத்தினாள். பாதி ஏறியும் பாதி ஏறாமலும் இருந்த நிலையில் திரும்பத் தொடங்கவா என்று கணினி கேட்டது. சரி என்றாள்.

அதற்கப்புறம் திரை கறுத்துப் போனது. பெட்டிக்குள் விசிறி ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை. வெகுநேரம் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது.

வியாழக்கிழமை கருடசேவை. பெருமாள் விடியும்போதே சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி ஊரின் இந்தக் கோடிவரை வருவார். அவருக்கு முன்னால் பிரபந்தம் சொல்லும் கோஷ்டி வரும். கோஷ்டியில் பாச்சா வருவான்.

அவள் புடவை மாற்றுவதைத் தில்லையம்மாள் பார்த்துவிட்டாள்.

"எங்கடி?"

"பாச்சாவைப் பாக்கணும்."

"இன்னிக்கா? முத்து போயி வருசம் திரும்பலை நமக்கு. சாமிக்கு எதிர்ல போயி நிப்பியா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"கோஷ்டி முன்னாடி வரும் அத்தை. சாமி பின்னாடி. சாமி வர்றதுக்குள்ள திரும்பிடுவேன்."

"கூட்டம் உன்னக் கேட்டுக்கினுதான் வழி வுடுமா?"

காவேரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

காந்தி ரோட்டில் ஊரே நின்றது. மாடிகளில், கட்டைச்சுவர்களில், நிறுத்தி வைத்த வண்டிகளின் மேல் எல்லாம் ஜனம். நீர்மோர்ப் பந்தல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். கொஞ்ச நேரத்தில் வரிசை வரிசையாகத் திருமண் தரித்த கோஷ்டி வந்தது. மூன்றாவது வரிசையில் பாச்சா. கடையில் டீஷர்ட்டோடு பார்த்தவனை வெற்று மார்பில், கச்சம் கட்டிய கோலத்தில் அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். அவள் பந்தலைத் தாண்டி ஓரமாகவே அவனோடு நடந்தாள்.

"பாச்சா! பாச்சா!"

கண்ணைத் திறந்தான். வாய் நிற்கவில்லை. புருவத்தால் என்ன என்றான். பாசுரம் முடிந்து அடுத்ததை எடுக்கிற இடைவெளியில் குனிந்தான்.

"மன்னி! நீங்க எங்க இங்க?"

"திரை கருப்பாயிடுச்சு. ஒண்ணுமே வரல."

"எதைப் போட்டேள்?"

"தொண்ணூத்தெட்டு."

"ஐயோ, அதைத் தொடப்படாது!" என்றான். அடுத்த பாசுரம் தொடங்கிவிட்டது. அவனும் சேர்ந்துகொண்டான். அவள் கூடவே நடந்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து வைத்துக்கொண்டாள். காகிதம் கொண்டுவரத் தோன்றியிருக்கவில்லை. அடுத்த இடைவெளியில் அவன் மளமளவென்று கொட்டினான்.

"போட்ட உடனே எஃப் எட்டைத் தட்டிண்டே இருங்கோ. விஜிஏ மோடுன்னு வரும். உள்ள போய்ப் பழசை எடுத்துடுங்கோ. அப்புறம் ரெண்டாயிரம்னு ஒரு ஃபோல்டர், புது விண்டோஸுக்கு அதுதான் ஒத்துக்கும்."

முன்வரிசையில் இருந்த பெரியவர் திரும்பினார். "ஏண்டா பாச்சா, கடையைத் தெருவுக்கே எடுத்துண்டு வந்துட்டயா? பெருமாளுக்கும் ரிப்பேர் பாக்கணுமா?"

"இல்லை மாமா, முடிஞ்சுடுத்து."

மறுபடி பாசுரம். அவள் உள்ளங்கையில் எழுதினாள். எஃப் எட்டு. விஜிஏ. எடு. ரெண்டாயிரம்.

"மஞ்சள் பொட்டி வருதே, பயமுறுத்துதே?" என்றாள் மூன்றாவது இடைவெளியில்.

"பயமுறுத்தத்தான் செய்வான். ரெண்டாவது பட்டனை அமுக்குங்கோ. முத்து எத்தனை தடவை அமுக்கியிருக்கான் தெரியுமோ? அது சும்மா மெரட்டல் மன்னி." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவன் ஒரு கணம் பாசுரத்தைத் தொடங்கத் தவறினான். பிறகு எட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

திரும்பலாம் என்று பார்த்தால் பின்னால் வழி இல்லை. குடைகள் தெரிந்தன. கூட்டம் ஒரே அலையாக முன்னே தள்ளி அவளை ஒரு மூடிய நகைக்கடையின் ஷட்டரோடு ஒட்டவைத்தது. சத்தம் பெருகியது. அத்தனை கைகளும் தலைக்கு மேல் உயர்ந்தன. அவள் கையைக் குவிக்கவில்லை. குவித்தால் வேர்வையில் எழுத்து அழிந்துவிடும். ஏறிட்டுப் பார்க்கவும் துணியவில்லை. தலையைக் குனிந்து தன் உள்ளங்கையைப் படித்தாள். எஃப் எட்டு. விஜிஏ. எடு. ரெண்டாயிரம். திரும்பத் திரும்ப அதையே. நிழல் ஒன்று அவள் மேல் ஏறி, தங்கி, கடந்து போனது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் அவள் தோளைத் தொட்டு, "நல்லாப் பாத்தியாம்மா?" என்றாள். காவேரி தலையாட்டினாள்.

வீட்டில் வந்து விழுந்தபோது ஒன்பது மணி. காலைக்கூடக் கழுவாமல் கணினியைப் போட்டு எஃப் எட்டைத் தட்டினாள். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன. விஜிஏ மோடில் அதே பூதங்கள் மறுபடி வந்தன. இந்தத் தடவை அவற்றைப் பார்க்க ஆறுதலாக இருந்தது. பாதி ஏறிய தொண்ணூற்றெட்டை எடுத்தாள். கணினியை மறுபடி தொடங்கி, ரெண்டாயிரம் ஃபோல்டரைத் திறந்தாள். சிடி கிர்ரென்று முனகி, கீறலில் தடுக்கி, மூச்சு வாங்கி, பாதிக்கு வந்தது. மஞ்சள் முக்கோணம் வந்தது. கணினி 'நிறுத்து' பொத்தானைக் காட்டியது. அவள் இரண்டாவதை அமுக்கினாள்.

திரை ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. எழுத்துகள் சுருங்கி, நறுக்கென்று, இருக்க வேண்டிய அளவுக்கு வந்து நின்றன.

உடனே முந்தானையைத் திறந்தாள். அவன் வரைந்த கழுத்துகள் ஒரு சிவப்பு, அவள் நிரப்பியவை வேறு சிவப்பு.

முத்துக்குமாருக்குக் கண்ணைக் குத்துகிற நிறம் ஆகாது. மற்றவர்கள் சரிகைக்குப் பச்சை, பட்டுக்கு நீலம் என்று எளிதில் பிரிகிற மாதிரி குறிப்பார்கள். அவன் திரையும் புடவை மாதிரியே இருக்க வேண்டும் என்பான். சரிகை போகிற இடத்துக்கு மாதுளைச் சிவப்பு, வண்ணப்பட்டு போகிற இடத்துக்குக் குங்குமச் சிவப்பு. பதினாறு நிறத் திரையில் மாதுளையும் அதே சிவப்பும் புள்ளியுமாகக் குழைந்திருந்தது; கழுத்துகளில் தெரிந்த தழும்பு அதுதான். செவ்வாய்க்கிழமை அவள் நிரப்பிய நாற்பது வரிசையிலும் ஒரே குங்குமச் சிவப்பு. அப்படியே அட்டை குத்தி நெய்திருந்தால் பட்சிகளின் கழுத்தில் ஒரு இழை சரிகை இருந்திருக்காது. புடவை தறியை விட்டு இறங்கும்வரை யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

நாற்பதையும் அழித்தாள். அவன் வரைந்த கழுத்தில் இருந்தே மாதுளையைத் தொட்டு எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே நிரப்பினாள். மத்தியானம் தில்லையம்மாள் தட்டில் சோறு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சாப்பிடவில்லை என்று பார்த்துவிட்டு, பிசைந்து உருட்டி அவள் வாயருகில் நீட்டினாள்.

"நீ எண்ணிக்கினே இரு. வாய மட்டும் தொற."

"நூத்திப் பதினேழு" என்றாள் காவேரி, வாய் நிறையச் சோற்றோடு.

"எனக்கு எதுக்குடி கணக்கு? முழுங்கு."

வெள்ளிக்கிழமை பத்து மணி பத்து நிமிஷத்துக்குப் பூவராகவன் வாசலில் நின்றார். அவள் கடைசி வரிசையை இரண்டாம் தடவை எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிசம் முதலாளி" என்றாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பத்தே காலுக்கு ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. "தொறந்துச்சாம்மா. கட்டம் சரியா இருக்குதாம். திங்கக்கெழமை வந்து அடுத்ததை வாங்கிக்கோ. மூணு மாசம் டயம். இப்பிடி என் உசுர எடுக்காதே." அவ்வளவுதான் பேசினார். அவள் ரிசீவரை வைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு நாள் கழித்து அந்த முந்தானை தறியில் ஏறியது. அவள் நெய்கிறவர் வீட்டுக்குப் போய்த் தறிக்குழியின் பக்கத்தில் நின்றாள். நூலில் கோத்த அட்டைகள் மேலே ஒவ்வொன்றாகத் திரும்பின. கீழே நாடா குறுக்கிழையை இழுத்துக்கொண்டு ஓட ஓட, பட்சிகள் மயிரிழை மயிரிழையாக மேலேறின. முதல் நானூற்றுப் பன்னிரண்டு அட்டை அவனுடையது. நானூற்றுப் பதிமூன்றிலிருந்து அவளுடையது. அட்டையின் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு திரும்பியது. மிதி விழுந்தது. நாடா ஓடியது. நானூற்றுப் பதிமூன்று திரும்பியது. மிதி விழுந்தது. நாடா ஓடியது.

துணியில் அந்த இடத்தைத் தேடினாள். குனிந்து, கண்ணைக் கிட்டே கொண்டுபோய், விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு இழைகளுக்கு நடுவில் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"இன்னாம்மா தேடறே? இழை தப்பி வுட்டனா?" என்றார் நெய்கிறவர்.

"இல்ல அண்ணே. ஒண்ணும் தப்பலை."

"அப்ப கொஞ்சம் தள்ளிக்கோம்மா. வெளிச்சத்த மறைக்கிறே."

அவள் தள்ளி நின்றாள். அவர் மிதியை அழுத்தினார்.